மாட்டுப் பண்ணையில் ஐந்து ராத்திரி: கிளாஸ்டன்பரியில் கோல்ட்பிளே

(திரையில்: பச்சைப் புல் சரிவு, கீழே கூம்பு வடிவத்தில் ஒரு மேடை)

வணக்கமுங்க. இது இங்கிலாந்தில் சாமர்செட் பக்கம், பில்டன் என்கிற சின்ன ஊர். கறவை மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்தின் வொர்தி பண்ணை. 1954ல் அப்பா இறந்துபோக, மைக்கேல் ஈவிஸ் 19 வயதில் இந்தப் பண்ணையைக் கையில் எடுத்தார். 1970 செப்டம்பரில் அதே நிலத்தில் ஒரு கச்சேரி வைத்தார். டிக்கெட் 1 பவுண்டு, பண்ணைப் பால் இலவசம். வந்தவர்கள் சுமார் 1,500 பேர். இன்றைக்கு ஜூன் கடைசியில் இங்கே 2 லட்சம் பேர் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். அதுதான் கிளாஸ்டன்பரி விழா.

காங்கேயம், தாராபுரம் பக்கம் இருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு சேதி. 1981ல் இங்கே கட்டிய பிரமிட் மேடை கோடையில் கச்சேரிக்கு, குளிர்காலத்தில் கட்டுத்தறிக்கு. மாடு கட்டினார்கள், தீவனம் அடுக்கினார்கள். 1994ல் அது தீப்பிடித்து எரிந்துபோனது. இப்போது நிற்கிற இரும்பு மேடை 2000ல் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று ராத்திரியும் இந்த மேடையில் கடைசியாக ஏறுகிறவர்தான் ஹெட்லைனர். கோல்ட்பிளே என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழு அந்த இடத்தில் ஐந்து முறை நின்றிருக்கிறது: 2002, 2005, 2011, 2016, 2024. வேறு எந்தக் குழுவும் இத்தனை முறை நின்றதில்லை. இது எப்படிச் சாத்தியமானது?

இந்த விழாவில் யார் பாடப்போகிறார்கள் என்று அறிவிக்கும் முன்பே பெரும்பாலும் டிக்கெட் தீர்ந்துவிடும். அதாவது உங்கள் முன்னால் நிற்கிற கூட்டம் உங்களுக்காகப் பணம் கட்டிய கூட்டம் இல்லை. பிடிக்கவில்லையென்றால் பக்கத்து மேடைக்கு நடந்துவிடும்.

அடுத்த சிக்கல் சத்தம். மாரியம்மன் நோம்பியில் வீதி நெடுக குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். பக்கத்துக் குழாயில் ஒரு வரி வரும், தூரத்துக் குழாயிலிருந்து அதே வரி கொஞ்சம் பிந்தி வந்து மோதும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி நின்றால் நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம். பெரிய விழாக்களில் கூட்டத்துக்கு நடுவே ஸ்பீக்கர் கோபுரங்கள் நிறுத்தி, அவற்றுக்குப் போகிற ஒலியை வேண்டுமென்றே அந்த அளவு பிந்தி அனுப்புவார்கள். மேடையிலிருந்து காற்றில் வரும் ஒலியும் கோபுரத்து ஒலியும் அப்போதுதான் ஒன்றாகக் காதில் விழும்.

ஆனால் ரசிகர்களின் குரலைப் பிந்தி அனுப்ப எந்தக் கருவியும் இல்லை. சரிவின் மேலே நிற்கிறவர் பாடுவது கீழே நிற்கிறவருக்குத் தாமதமாகத்தான் எட்டும். இங்கேதான் கோல்ட்பிளேயின் கெட்டிக்காரத்தனம். இவர்களுடைய 'யெல்லோ' பாட்டில் வருவது இழுத்துப் பாடுகிற நீளமான சுரங்கள். 'விவா லா விடா'வில் கூட்டம் பாடுவது வெறும் 'ஓ ஓ'. அரை நொடி முன்னே பின்னே போனாலும் பாட்டு உடையாது. இவர்கள் பாட்டெல்லாம் ரொம்ப எளிது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. ஒரு லட்சம் தொண்டை சேர்ந்து பாட எழுதிய பாட்டு வேறெப்படி இருக்கும்? எனக்கு அது குறையாகவே படவில்லை.

(திரையில்: 1999, சின்னக் கூடாரம்; 2000, இரண்டாவது பெரிய மேடை)

இந்த விழாவில் இவர்கள் முதலில் வாசித்தது 1999ல், புதுக் குழுக்களுக்கான கூடாரத்தில். 2002ல் வெள்ளிக்கிழமை ராத்திரி தலைமை இடம் கிடைத்தபோது கடையில் கிடைத்தது ஒரே ஒரு ஆல்பம். இரண்டாவது ஆல்பம் ஆகஸ்டில்தான் வந்தது. ஜனங்கள் அதுவரை கேட்காத பாட்டுகளை வைத்துக்கொண்டு அந்த மேடையில் ஏறினார்கள். ஐந்தில் பெரிய துணிச்சல் இதுதான் என்பேன்.

2005ல் ஞாயிறு ஹெட்லைனராக வரவேண்டிய பாடகி கைலி மினோக் புற்றுநோய் சிகிச்சைக்குப் போய்விட்டார். சனிக்கிழமை ஏறிய கோல்ட்பிளே அவருடைய பாட்டு ஒன்றை மெதுவாக்கிப் பாடியது. அதே ராத்திரி தங்களுடைய 'ஃபிக்ஸ் யூ' பாட்டில் வெளிச்சம் வீட்டுக்கு வழிகாட்டும் என்ற வரி வந்தபோது, கூட்டத்தில் நின்ற ஒருவருக்குத் தோன்றிய யோசனைதான் ரசிகர்கள் கையில் கட்டிக்கொள்ளும் மின்னும் கைப்பட்டை. உள்ளே சின்ன எல்இடி விளக்குகள், ஒரு ரேடியோ ரிசீவர். எல்லாக் கைகளிலும் நிறம் எப்போது மாறவேண்டும் என்பதை ஒரே கணினி சொல்லும்.

2011 பற்றி அதிகம் சொல்ல இல்லை. அந்த வருஷம் மற்ற இரண்டு ராத்திரிகளும் யூ2 குழுவுக்கும் பாடகி பியான்சேவுக்கும்.

2016ல் கைப்பட்டை அதே நிலத்துக்குத் திரும்பி வந்தது. சரிவு முழுக்க ஒரே நொடியில் நிறம் மாற, கடைசி வரிசையே மேடையின் பகுதியாகிவிட்டது. அந்த ராத்திரியில் என்னை இன்னும் உலுக்குவது வேறொன்று. வயோலா பீச் என்ற இளம் குழுவின் நால்வரும் மேலாளரும் பிப்ரவரியில் ஸ்வீடனில் கார் விபத்தில் இறந்திருந்தார்கள். கோல்ட்பிளே அவர்களுடைய வீடியோவைத் திரையில் ஓடவிட்டு, அவர்களுடைய பாட்டைத் தாங்களும் சேர்ந்து வாசித்தது. அந்தப் பையன்கள் ஒரு பாட்டு நேரத்துக்குக் கிளாஸ்டன்பரியின் ஹெட்லைனர்கள் ஆனார்கள். தனக்குக் கிடைத்த நேரத்தை இப்படிக் கொடுக்க மனசு வேண்டும்.

அதே ராத்திரி முடிவில் எண்பது வயது தாண்டிய மைக்கேல் ஈவிஸே மேடையேறிப் பாடினார். 2024ல், பார்க்கின்சன் நோயோடு பல வருஷம் வாழும் நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் சக்கர நாற்காலியில் வந்து கிட்டார் வாசித்தார்.

2025 ஜனவரியில் மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் கோல்ட்பிளே வந்தபோது கோயம்புத்தூர், ஈரோட்டிலிருந்து போய்ப் பார்த்தவர்களும் இங்கே இருப்பீர்கள். கைப்பட்டை மின்னியபோது பக்கத்தில் நின்றவர்கள் முகம் எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் வாசிப்பேன்.

2026ல் கிளாஸ்டன்பரி இல்லை. புல் மறுபடி எழும்பட்டும் என்று சில வருஷத்துக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு விடுவார்கள். கிளுவை வேலி போட்டுக் கொறங்காட்டைப் பிரித்து, மாற்றி மாற்றி மேயவிடுகிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். இந்த இடைவெளியில் 2002 பதிவையும் 2016 பதிவையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பாடகரை விட்டுவிட்டு, கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்புகிற இடங்களை மட்டும் கவனியுங்கள்.