"அய்யா, இது இன்னும் வேகல"

(கண் மருத்துவமனை ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம்.

மேடையில் இருக்கிற டாக்டர்கள், டிரஸ்டிகளுக்கு முதல் வணக்கம் சொல்வதுதான் வழக்கம். இன்றைக்கு மன்னிக்கணும். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் லாண்டரி, கேன்டீன் ஊழியர்களுக்கும், ஆபரேஷன் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவ் அறை ஊழியர்களுக்கும் வேன் டிரைவர்களுக்கும் வாட்ச்மேன்களுக்கும் என் முதல் வணக்கம். இருபது வருஷத்துக்கு மேல் கண் முகாம் ஏற்பாடு செய்கிற வேலையில் இருந்தவன் நான். கண்ணால் பார்த்ததையே சொல்கிறேன்.

அப்போது நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒருநாள் காலை பதினெட்டு பேருக்குக் கண்புரை ஆபரேஷன். முதல் ஆளை மேஜையில் படுக்கவைத்து மரத்துப்போகும் ஊசியும் போட்டாயிற்று. கருவிகள் வந்துசேரவில்லை. சர்ஜன் சத்தம் போட, நான் கீழே ஓடினேன். ஆட்டோகிளேவ் பக்கத்தில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயசு இருக்கும், எட்டாவது வரை படித்தவர். கருவிகள் இருந்த டிரம்மின் மேல் ஒட்டிய டேப்பை விரலால் தொட்டுக் காட்டினார். நீராவி சரியாகப் பட்டிருந்தால் அந்த டேப்பிலுள்ள கோடுகள் நன்றாகக் கறுத்துவிடும். அன்று சாம்பல் நிறத்தோடு நின்றிருந்தன. "அய்யா, இது இன்னும் வேகல. தரமாட்டேன்" என்றார்.

ஆட்டோகிளேவுக்குள் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, குறைந்தது கால் மணி நேரம் நிற்க வேண்டும். கதவின் ரப்பர் தேய்ந்து நீராவி கசிந்ததால் அன்று சூடு ஏறவே இல்லை. ரப்பரை மாற்றி, எல்லாவற்றையும் மறுபடி போட்டு எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. திட்டெல்லாம் அந்த அம்மாவுக்குத்தான். கிருமியுள்ள கருவி கண்ணுக்குள் போனால் சில நாட்களில் உள்ளே சீழ் பிடிக்கலாம். பார்வையே போய்விடலாம், சில பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டி வரும். அன்றைக்குப் பதினெட்டு பேரும் கட்டுப் பிரித்துப் பார்வையோடு வீட்டுக்குப் போனார்கள். ஆபரேஷன் ரிஜிஸ்டரில் சர்ஜன் பெயர் இருந்தது. அந்த அம்மாவின் பெயரை எழுத அதில் இடமே கிடையாது. நானும் அவருக்கு அன்று ஒரு நன்றி சொல்லவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எல்லாருக்கும் தெரியும். அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோவிந்தப்பா வேங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். முடக்குவாதத்தில் வளைந்துபோன விரல்களோடு அவர் ஆபரேஷன் செய்ததைப் பற்றி நிறையப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் அங்கே தியேட்டருக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு மேஜைகள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததில் இன்னொரு நோயாளி தயாராக இருப்பார். முடிந்ததும் டாக்டர் அப்படியே திரும்பினால் போதும். கண்ணைச் சுத்தம் செய்வது, கருவியை எடுத்துக் கொடுப்பது, வார்டில் பார்த்துக்கொள்வது எல்லாம் கிராமங்களிலிருந்து வந்து அங்கேயே இரண்டு வருஷம் பயிற்சி பெற்ற பெண்கள். அந்த ஆஸ்பத்திரி ஊழியர்களில் பெரும்பகுதி அவர்கள்தான். 1992-ல் அரவிந்த் தன் சொந்த லென்ஸ் தொழிற்சாலையான ஆரோலேப்பைத் தொடங்கியபோது, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைச் செய்ததும் இப்படிப்பட்ட கிராமத்துப் பெண்களின் கைகளே. வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸின் விலையில் ஒரு சிறு பங்குக்கு அது கிடைத்தது. ஏழைக்குக் கண் கொடுப்பது என்ற லட்சியம் நிறைவேறியது இந்த இடங்களில். இவர்களை 'உதவியாளர்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு நெருடும். யாருக்கு உதவி? வேலையே அவர்களுடையதுதானே!

அப்புறம், கொஞ்சம் கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொண்டு நிறுவனங்களில் நான் அடிக்கடி கேட்ட வார்த்தை: "இது சேவைம்மா, சம்பளத்தைப் பெரிசாப் பாக்காதீங்க." இதைச் சொல்பவருக்கு மாசம் பிறந்தால் வீட்டு வாடகைக் கவலை இல்லை. கேட்பவர் தரை துடைத்துவிட்டு இரண்டு பஸ் மாறி வீடு போகிறவர். சேவை மனசு அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. இல்லாவிட்டால் பார்வையில்லாத ஒரு பாட்டியை வேனிலிருந்து இறக்கும்போது, "படி இருக்கு, மெதுவா வா ஆத்தா" என்று அந்த டிரைவர் ஏன் கையைப் பிடிக்கிறார்? டிரைவர் வேலைக்கான விதிமுறையில் அது கிடையாது. பயந்துகொண்டு வரும் பாட்டி முதலில் நம்புவது அந்தக் கையைத்தான். நம்பாவிட்டால் முகாமிலிருந்தே திரும்பிப் போய்விடுவார். அப்படித் திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் டிரஸ்டிகளிடம் என் வேண்டுகோள் இதுதான். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பாக்கி இல்லாமல் கட்டுங்கள். ஒப்பந்தக்காரர் மூலம் எடுத்த ஆட்களுக்கும் தடுப்பூசி, நல்ல கையுறை, உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம் கொடுங்கள். மாதாந்திரக் கூட்டத்தில் ஆட்டோகிளேவ் அறையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த மாதம் எந்த ரப்பர் தேய்ந்தது, எது கசிகிறது என்று அவரிடமே கேளுங்கள். "இது வேகல, தரமாட்டேன்" என்று அவர் சொன்னால், அதற்காக அவரை யாரும் திட்டக் கூடாது என்று எழுத்தில் போட்டு, தியேட்டர் வாசலில் ஒட்டிவையுங்கள்.

நன்றி, வணக்கம்.