தங்கம் ஏன் சிவக்கிறது?

(திரையில்: பரிசோதனைக் கிட், நடுவே ஒரு சிவப்புக் கோடு)

கர்ப்பமா என்று வீட்டிலேயே பார்க்கும் கிட்டில் ஒரு சிவப்புக் கோடு விழுமே, அது ஏதோ சாயம் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். பல கிட்களில் அது தங்கம்!

தங்கம் எப்படிச் சிவக்கும்? சில பத்து நானோமீட்டர் துகளாக்கினால் சிவக்கும். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர். தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். ஒளி பட்டதும் அந்தத் துகளின் எலக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்து ஊசலாடி, பச்சை ஒளியை விழுங்கிவிடுகின்றன. மிஞ்சுவது சிவப்பு. இப்படித் தங்கத்தால் சிவந்த கரைசலின் நிறத்துக்குக் காரணம் நுண்ணிய தங்கத் துகள்கள்தான் என்று 1857-லேயே சொன்னவர் மைக்கேல் ஃபாரடே. அந்தத் துகள்களைப் பார்க்க அவரிடம் கருவிகூடக் கிடையாது.

(திரையில்: நீலத்திலிருந்து சிவப்பு வரை ஒளிரும் குப்பிகள்)

இந்தக் குப்பிகள் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே பொருள், காட்மியம் செலினைடு. துகள் 2 நானோமீட்டர் என்றால் நீலம், 6-ஐ நெருங்கினால் சிவப்பு. எலக்ட்ரானுக்கு இடம் குறையக் குறைய, அதன் ஆற்றல் படிகளின் இடைவெளி கூடும். ஒளி நீலம் பக்கம் நகரும். குவாண்டம் புள்ளிகள் என்பவை இவைதான். 2023 வேதியியல் நோபல் இதற்காகவே பாவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் கிடைத்தது. சில டிவி திரைகளிலும் இவை உண்டு.

சரி, நிறம் போதும். 1 சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 1 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால்? 6,000 சதுர மீட்டர்! வேதிவினையை வேகப்படுத்தும் பிளாட்டினம் போன்ற வினையூக்கிகளில் வேலை நடப்பது மேற்பரப்பில்தான். உள்ளே புதைந்த பிளாட்டினம் சும்மா கிடக்கும். அதனால்தான் அதைத் துகளாக்கித் தூவுகிறார்கள்.

பேட்டரியில் கதை கொஞ்சம் சிக்கல். லித்தியம் பேட்டரியின் மின்முனையில் வழக்கமாக இருக்கும் கிராஃபைட்டைவிட சிலிக்கான் எடைக்கு எடை ஏறக்குறைய பத்து மடங்கு லித்தியத்தைப் பிடிக்கும். ஆனால் மும்மடங்குக்கு மேல் உப்பி, விரிசல் விட்டு உதிரும். நானோ கம்பியாக்கினால் உப்பினாலும் தாங்குகிறது. பரப்பு கூடியதால் மின்பகுபொருளோடு (பேட்டரிக்குள் அயனிகள் நகரும் ஊடகம்) வேண்டாத வினைகளும் கூடுகின்றன, அது வேறு தலைவலி.

அப்புறம், இத்தனை பரப்புள்ள துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் துடிக்கும். இதைத் தடுக்கத் தங்கத் துகள்மேல் மின்னூட்டமுள்ள சிட்ரேட் அயனிகளால் போர்வை போடுகிறார்கள். ஒரே மின்னூட்டம் என்பதால் துகள்கள் விலகியே நிற்கும். அதில் உப்புக்கரைசல் விட்டுப் பார்ப்போமா?

(திரையில்: சிவப்புக் கரைசல் கண்முன்னே நீலமாகிறது)

உப்பு அந்த மின்னூட்டத்தை மறைத்துவிட்டது. துகள்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன.