மூக்கின் குளிர்ச்சியும் நுரையீரலின் சூடும்

நேயர்களுக்கு வணக்கம்.

பஞ்சாரம் என்று சொன்னால் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு உடனே கண்ணில் நிற்கும். கோழியைக் கவிழ்த்து மூடி வைக்கிற மூங்கில் கூடை. என் சின்ன வயதில் ஒரு வெயில் காலத் தொடக்கத்தில் எங்கள் வீட்டுப் பஞ்சாரம் இரண்டே நாளில் காலியானது. வெள்ளைக் கழிச்சல். புத்தகத்தில் ராணிக்கெட் நோய் என்று இருக்கும். அம்மா ஒவ்வொரு கோழியாகக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து, திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. பிற்பாடு நான் கால்நடை நுண்ணுயிரியல் பாடம் நடத்தப் போனதற்கு அந்தத் திண்ணையும் ஒரு காரணம்.

இன்றைக்குக் கோழி வளர்க்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? குஞ்சு பொரித்து ஒரு வாரத்துக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுகிறார்கள். அந்தச் சொட்டில் இருப்பது உயிருள்ள கிருமி. அதே ராணிக்கெட் வைரஸ்தான், ஆனால் சாதுவான வகை. குஞ்சின் உடம்பில் கொஞ்சம் வளரும், நோய் தராது, எதிர்ப்பு சக்தியைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போய்விடும். நம் பிள்ளைகளுக்கு வாயில் விடுகிற போலியோ சொட்டும் இதே ஜாதிதான். வீரியம் குறைத்த உயிருள்ள தடுப்பு மருந்து என்பார்கள்.

ஒரு விவசாயிகள் கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏங்க, கோழிக்கு ஒரு சொட்டு விட்டா சரியாப் போகுது. இந்தப் பறவைக் காய்ச்சல் மனுஷனுக்கு வந்தா, அதே மாதிரி மூக்குல விட ஒரு சொட்டு கிடையாதா?" எத்தனையோ தேர்வுத் தாள்களில் நான் கேட்ட கேள்விகளைவிட நல்ல கேள்வி அது. இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கிற நேரம் முழுவதும் அந்த அம்மாவுக்கான பதில்தான்.

1997இல் ஹாங்காங்கில் மூன்று வயதுப் பையன் ஒருவன் காய்ச்சலில் இறந்துபோனான். அவன் தொண்டையிலிருந்து கிடைத்த வைரஸை ஆராய்ந்தபோது, அது கோழிகளிடம் மட்டும் இருக்கும் என்று நினைத்திருந்த எச்5என்1 என்கிற பறவைக் காய்ச்சல் வைரஸ். அந்த வருடம் 18 பேருக்கு வந்தது, 6 பேர் இறந்தார்கள். ஹாங்காங் அரசு ஊரிலிருந்த கோழிகளையெல்லாம், 10 லட்சத்துக்கும் மேல், சில நாட்களில் அழித்தது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் அந்த வைரஸின் மரபணுக்களைப் படித்த குழுவை நடத்தியவர் டாக்டர் காந்தா சுப்பாராவ். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். இந்த வைரஸுக்கு மூக்குவழி மருந்து தேடிய கதையில் அவர் பெயர் திரும்பவும் வரும்.

சரி, ஒரு வைரஸை எப்படிச் சாதுவாக்குவது? அதற்கு நம் வீட்டு இட்லி மாவிலிருந்து தொடங்குகிறேன்.

சென்னையில் ராத்திரி கரைத்து வைத்த மாவு காலையில் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து நிற்கும். அதே மாவை மார்கழியில் ஊட்டியில் வையுங்கள், மறுநாள் மத்தியானம்கூட அப்படியே கிடக்கும். ஒவ்வொரு நுண்ணுயிருக்கும் தனக்குப் பிடித்த சூடு ஒன்று உண்டு. நம் உடம்பிலும் எல்லா இடமும் ஒரே சூடு கிடையாது. வெளிக்காற்று போய் வருகிற மூக்கு கொஞ்சம் குளிர்ச்சி, சுமார் 33 டிகிரி. உள்ளே நுரையீரல் 37. காய்ச்சல் வந்தால் 39. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மூக்கு குளிர்ச்சி, நுரையீரல் சூடு.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹூனைன் மசாப் என்று ஒருவர். சிரியாவின் டமாஸ்கஸில் பிறந்தவர். போலியோ தடுப்பூசி வேலை செய்கிறது என்று 1955இல் உலகத்துக்கு அறிவித்த தாமஸ் பிரான்சிஸ்தான் அவருக்கு ஆசிரியர். 1960இல் ஆன் ஆர்பர் என்ற அந்த ஊரில் ஃப்ளூ வந்த ஒருவரிடமிருந்து கிடைத்த வைரஸை எடுத்து, கோழிக்குஞ்சின் சிறுநீரக செல்களில் வளர்த்தார் மசாப். முதலில் வழக்கமான சூட்டில். அப்புறம் கொஞ்சம் குறைத்து. பிழைத்து வந்ததை எடுத்து இன்னும் குறைத்து. இப்படியே இறக்கி இறக்கி 25 டிகிரிக்குக் கொண்டுவந்தார். ஊட்டிக் குளிரில் பொங்கப் பழகிய மாவு மாதிரி ஒரு வைரஸ் கிடைத்தது. குளிருக்குப் பழகியதில் அதன் மரபணுக்களில் முக்கியமாக ஐந்து இடங்களில் மாற்றங்கள் விழுந்திருந்தன. விளைவு, குளிரில் நன்றாக வளர்ந்தது, 39 டிகிரியில் வளர முடியாமல் போனது.

அதாவது மூக்கில் வளரும், நுரையீரலில் தவிக்கும். மூக்கு குளிர்ச்சி, நுரையீரல் சூடு என்று சொன்னேனே, இதற்காகத்தான். மூக்கில் வளர்வதால் உடம்பு அதை அடையாளம் கண்டு படை திரட்டுகிறது. நுரையீரலுக்கு இறங்க முடியாததால் ஆளைச் சாய்ப்பதில்லை. ஐந்து மாற்றங்கள் இருப்பதால், ஒன்று பழையபடி திரும்பினாலும் மற்ற நான்கும் பிடித்து நிறுத்தும். மசாபின் இந்த வைரஸிலிருந்து வந்த மூக்கு ஸ்ப்ரேக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2003இல். 1960இல் கிடைத்த வைரஸ், 2003இல் மருந்து. ஒரு மனிதரின் உழைக்கும் வயது முழுவதும் அதில் போயிருக்கிறது. அந்தப் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூப்பத் தோன்றும்.

ஃப்ளூ வைரஸின் மரபணு எட்டுத் துண்டுகளாக இருக்கும். அதில் இரண்டு வெளித்தோற்றத்துக்கானவை. எச், என் என்று சொல்கிறோமே, அவை. மீதி ஆறும் உள்வேலைக்கு. அந்த ஆறையும் மசாபின் குளிர் வைரஸிலிருந்து எடுத்து, தோற்றத்துக்கான இரண்டை மட்டும் பறவைக் காய்ச்சலிடமிருந்து எடுத்துச் சேர்த்தால், வெளியே பார்க்க எச்5என்1, உள்ளே சாது. காந்தா சுப்பாராவ் பின்னாளில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்துக்குப் போய், தன் சகாக்களோடு செய்தது இதைத்தான்.

ஆனால் அந்த எச் துண்டில் ஒரு விஷமம் இருக்கிறது. எச் புரதம் இரண்டாக வெட்டப்பட்டால்தான் வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியும். சாதாரண ஃப்ளூவுக்கு அந்த வெட்டுக்கத்தி மூச்சுப்பாதை, குடல் மாதிரி சில இடங்களில்தான் கிடைக்கும். கோழிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் எச்5என்1க்கு உடம்பில் எங்கே போனாலும் கத்தி கிடைக்கும். அதற்கேற்ற கூடுதல் எழுத்துகள் அதன் மரபணுவில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் அந்த எழுத்துகளை நீக்கிவிட்டார்கள். இதில் இன்னொரு பலனும் உண்டு. ஃப்ளூ தடுப்பு மருந்து பெரும்பாலும் முட்டையில்தான் தயாராகிறது. நாமக்கல்லிலிருந்து சத்துணவுக்கு வருகிற முட்டை அதற்கு ஆகாது, அடை வைக்கிற மாதிரி கருக்கூடிய முட்டை வேண்டும். அசல் எச்5என்1ஐ அதில் விட்டால் கரு சீக்கிரமே செத்துவிடும். எழுத்துகளை நீக்கிய வைரஸ் முட்டையில் ஒழுங்காக வளர்ந்தது. உயிருள்ள மருந்தாக இருந்தால் ஒரு முட்டையிலிருந்து கிடைக்கும் டோஸ்களும் பல மடங்கு அதிகம். பெருந்தொற்று நேரத்தில் அது பெரிய விஷயம்.

மருந்து தயார். யாருக்குக் கொடுத்துப் பார்ப்பது? இங்கேதான் கோழிக்கும் மனிதனுக்கும் வித்தியாசம். எட்டுத் துண்டு என்று சொன்னேன் அல்லவா? ஒரே ஆளின் மூக்கில் இந்த மருந்து வைரஸும் ஊரில் சுற்றும் சாதாரண ஃப்ளூவும் சேர்ந்துவிட்டால், துண்டுகள் மாறிக்கொள்ளக்கூடும். பறவைத் தோற்றத்தோடு மனிதனில் நன்றாகப் பரவும் புது வைரஸ் ஒன்றை நாமே உண்டாக்கிவிடக் கூடாது. அதனால் பால்டிமோரில், ஊரில் ஃப்ளூ இல்லாத மாதங்களாகப் பார்த்து, தன்னார்வலர்களை மருத்துவமனையில் தனியாக அடைத்து வைத்துப் பரிசோதித்தார்கள். தினமும் மூக்கைக் கழுவி எடுத்து, வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தார்கள். நல்ல உடம்போடு இருக்கிற ஒருவர், தனக்கு எந்த லாபமும் இல்லாமல், பறவைக் காய்ச்சலின் தோற்றம் கொண்ட வைரஸை மூக்கில் வாங்கிக்கொண்டு ஒரு அறையில் நாள்கணக்கில் கிடக்கிறார். அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையிலும் இருக்காது. இந்த மருந்தைப் பற்றி எப்போது பேசினாலும் அவர்களைச் சொல்லாமல் நான் முடிப்பதில்லை.

முடிவு? ஏமாற்றம். யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை, நல்லது. ஆனால் வைரஸ் மூக்கில் சரியாக வளரவே இல்லை. ரத்தத்தில் ஆன்டிபாடி என்கிற எதிர்ப்பொருளைத் தேடினால், பெரும்பாலோருக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அளவுக்கு மீறிச் சாதுவாக்கிவிட்டோம் என்றார்கள். அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும்.

விடவில்லை. சில வருடங்கள் கழித்து அதே ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். செயலிழக்கச் செய்த எச்5என்1 வைரஸில் செய்த சாதாரண ஊசி, கையில் ஒன்றே ஒன்று போட்டார்கள். முன்பு மூக்கு மருந்து வாங்காதவர்களுக்கு அந்த ஊசி ஒன்று அவ்வளவாக வேலை செய்யவில்லை. மூக்கு மருந்து வாங்கியவர்களுக்கோ எதிர்ப்பொருள் மளமளவென்று ஏறியது. அதுவும் ஊசியிலிருந்த வைரஸுக்கு மட்டும் இல்லை, எச்5என்1இன் வேறு கிளைகளையும் அது அடையாளம் கண்டது. 2014இல் இது வெளியானது. உடம்பு அந்த வைரஸைப் பார்த்திருந்தது, நினைவில் வைத்திருந்தது, ரத்தத்தில் மட்டும் காட்டவில்லை.

இதை நான் எத்தனை மேடையில் சொன்னாலும் எனக்கு அலுக்காது. ரத்தத்தில் தெரியவில்லை என்பதற்காக ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது. சின்ன வயதில் நீச்சல் கற்றவர் இருபது வருடம் கிணற்றுப் பக்கமே போகாமல் இருக்கலாம். தண்ணீரில் இறங்கினால் கை தானாக வீசும். கரையில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் நீச்சல் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தடுப்பு மருந்துக்கு அனுமதி கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளைத்தான் அளக்கிறார்கள். மூக்கில் வேலை செய்கிற மருந்தை ரத்தத்தில் மட்டும் அளந்தால் நல்ல மருந்தையும் தள்ளிவிடுவோம். ரஷ்யர்கள் லெனின்கிராடில் தனியாக உருவாக்கிய குளிர் வைரஸிலிருந்து செய்த எச்5 மருந்தைத் தாய்லாந்தில் கொடுத்துப் பார்த்தபோதும், பின்னால் போட்ட ஊசிக்கு உடம்பு இதே மாதிரி துள்ளி எழுந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. நம் நாட்டு உற்பத்தியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக அந்த லெனின்கிராட் வைரஸ் புனே சீரம் நிறுவனத்துக்கு வந்தது. 2009 பன்றிக் காய்ச்சலுக்கு அதை வைத்து மூக்குவழி மருந்து செய்து 2010இல் வெளியிட்டார்கள். ஆக, இந்த வித்தை நம் நாட்டிலேயே இருக்கிறது. ஐரோப்பாவில் 2016இல் குழந்தைகளுக்கான எச்5என்1 மூக்கு மருந்து ஒன்றுக்கு, பெருந்தொற்று வந்தால் பயன்படுத்த என்று அனுமதி கொடுத்தார்கள். 2024 முதல் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கே எச்5என்1 வந்திருக்கிறது. பக்கத்தில் குட்டநாட்டு வாத்துகளுக்கு அது திரும்பத் திரும்ப வருகிறது. இதையெல்லாம் விளக்க இன்னொரு நாள் வேண்டும்.

அந்த அம்மாவுக்குச் சொல்லிவிடுகிறேன்: சொட்டு இருக்கிறது, அம்மா. கோழிக்குப் போல முன்கூட்டியே ஊருக்கெல்லாம் விட முடியாது, நோய் பரவத் தொடங்கினால் எடுக்க வேண்டிய சொட்டு அது. அதுவரை ஒன்று செய்யுங்கள். கோழியோ வாத்தோ காகமோ காரணம் தெரியாமல் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள், பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். முட்டையும் கறியும் நன்றாக வேகவைத்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.