எதுவும் கட்ட வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போகும் ஒரு பெருநகரம். ஊருக்கு நடுவில் கிடக்கும் அரசு நிலத்தின் ஓரமாக வீடு கட்டித் தருகிறோம் என்கிறது அரசு. வேண்டாம், அது அப்படியே கிடக்கட்டும் என்று ஜனங்கள் ஓட்டுப் போடுகிறார்கள். 2014 மே 25 அன்று ஜெர்மனியின் தலைநகர் பெர்லினில் நடந்தது இது. அந்த இடத்தின் பெயர் டெம்பல்ஹோஃப் திடல். ஒரு பூங்காவின் எதிர்காலத்தை ஊர்க்காரர்களே உட்கார்ந்து திட்டமிட்டால் அது எப்படிப் போகும், எங்கெங்கே இடறும் என்று பார்க்க, எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அதனால் எனக்குத் தந்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இந்த ஒரே இடத்துக்குத்தான் கொடுக்கப்போகிறேன். கடைசியில் நம்ம கிண்டிக்கு வந்துவிடலாம்.

டெம்பல்ஹோஃப் ஒரு காலத்தில் விமான நிலையம். 1948இல் சோவியத் தரப்பு மேற்கு பெர்லினுக்குப் போகும் ரயில், சாலை வழிகளை அடைத்தபோது, அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்கள் மாவிலிருந்து நிலக்கரி வரை சுமந்துவந்தன. அவை இறங்கிய முக்கியமான இடம் இது. அதற்கும் முன்னால், நாஜி ஆட்சியில், இந்தத் திடலின் ஓரத்தில் ஒரு வதைமுகாம் இருந்தது. போர்க்காலத்தில் பிடித்துவரப்பட்ட அயல்நாட்டு ஆட்களை வைத்து இங்கே போர் விமான வேலை நடந்தது. ஆகவே வெறும் புல்தரை என்று யாரும் இதைச் சொல்லிவிட முடியாது. 2008 அக்டோபர் 30ஆம் தேதி விமான நிலையத்தை மூடினார்கள். மறு ஆண்டு வேலி தாண்டி உள்ளே போகப் பார்த்த கூட்டத்தைப் போலீஸ் தடுத்தது. 2010 மே 8ஆம் தேதி அரசே கதவைத் திறந்துவிட்டது.

திறந்தது என்றால், இருந்தபடியே திறந்தது. நம் பக்கத்தில் என்றால் முதலில் ஒரு நுழைவு வளைவு, அப்புறம் ஒரு செயற்கை நீரூற்று, ஒரு சிமென்ட் ஒட்டகச்சிவிங்கி, திறந்துவைத்தவர் பெயரோடு ஒரு கல்வெட்டு எல்லாம் வந்திருக்கும். அங்கே ஓடுபாதை ஓடுபாதையாகவே கிடந்தது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு பாதைகள். நடுவில் புல். மொத்தம் 300 ஹெக்டேருக்கு மேல். நம் கிண்டி தேசியப் பூங்கா 270 ஹெக்டேர்தான் என்றால் அளவு புரியும்.

விடுமுறை நாள் சாயங்காலம் அங்கே போனால், விமானம் ஓடிய கோட்டின் மேலேயே சின்னக் குழந்தைகள் சைக்கிள் பழகுவதைப் பார்க்கலாம். ஒருத்தர் சக்கரப் பலகையில் நின்று, பெரிய பட்டத்தைக் காற்றில் பிடித்துக்கொண்டு சர்ரென்று போவார். கரி அடுப்புக்கென்று ஒதுக்கிய மூலைகளில் பக்கத்து நொய்கோல்ன் பகுதியின் துருக்கி, அரபுக் குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். கறி வேகிற வாசனை வெகுதூரம் வரும். கிழக்கு ஓரத்தில் ஒரு தோட்டம். 2011இல் அக்கம்பக்கத்தினர் தற்காலிக அனுமதி வாங்கித் தொடங்கியது. தரையைத் தோண்டுவதில்லை. பழைய பலகைகளில் பெட்டி அடித்து, மண் நிரப்பி, அதில் தக்காளியும் பூசணியும் போட்டிருக்கிறார்கள். உட்காரவும் அவர்களே பலகையில் ஏதேதோ அடித்து வைத்திருக்கிறார்கள். எந்த நிபுணரும் வரைந்து கொடுத்ததில்லை. நுழைவுச் சீட்டு கிடையாது. பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்துவார்கள், அவ்வளவுதான்.

அரசு கொண்டுவந்த திட்டத்தையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். முழுத் திடலையும் விழுங்கும் திட்டமில்லை அது. ஓரங்களில் சுமார் 4,700 வீடுகள், அலுவலகங்கள், ஒரு பெரிய மைய நூலகம். நடுவில் புல்வெளி அப்படியே இருக்கும். காகிதத்தில் பார்த்தால் குற்றம் சொல்வது கஷ்டம். ஆனால் ஜனங்கள் கேட்டது வேறு. அந்த வீடுகளில் எத்தனை எங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் கிடைக்கும்? இன்றைக்கு ஓரம் என்கிறீர்கள், பத்து வருஷம் கழித்து நடுவுக்கு வரமாட்டீர்கள் என்பதற்கு என்ன உறுதி? அந்தச் சமயத்தில் பெர்லின் அரசின் பேச்சுக்கு மரியாதை குறைந்திருந்தது. புதிய விமான நிலையத்தை 2012 ஜூனில் திறப்பதாக நாள் குறித்துவிட்டு, சில வாரங்களுக்கு முன்னால் இல்லை என்று சொன்னவர்கள் அவர்கள். அது கடைசியில் திறந்தது 2020இல். ஒரு வேலையைச் சொன்னபடி முடிக்காத கையிடம் இன்னொரு வேலையை யார் கொடுப்பார்கள்? இந்த வாக்கெடுப்பில் புல்லும் வீடும் பாதி என்றால், மீதி நம்பிக்கைப் பிரச்சினை.

ஊர்க்காரர்கள் 1,85,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளைச் சேர்த்து வாக்கெடுப்பைக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலன்றே இதுவும் நடந்தது. 64.3 சதவீதம் பேர் 'எதுவும் கட்டக் கூடாது' என்ற பக்கம் நின்றார்கள். திடலை விற்கவோ கூறுபோடவோ கூடாது, நடுவிலும் சரி ஓரத்திலும் சரி, வீடோ அலுவலகமோ கட்டக் கூடாது என்று அது சட்டமாகவே ஆகிவிட்டது.

நாம் பொதுவாகக் கதையை இங்கே முடித்துவிடுவோம்: மக்கள் வென்றார்கள், சுபம். எனக்கோ இதற்குப் பிறகு நடந்ததில்தான் ருசி. ஒன்றும் கட்டக் கூடாது என்றால் சரி, அப்புறம் அந்த இடத்தில் என்னதான் செய்வது? இதை எழுதிவைக்க ஒரு வளர்ச்சி, பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்று அந்தச் சட்டமே கேட்டது. 2014 முதல் 2016 வரை கூட்டம் கூட்டமாகப் பேசி அதை எழுதினார்கள். கழிப்பறை எத்தனை, பெஞ்ச் எங்கே, நாய்களை அவிழ்த்துவிட எந்தப் பகுதி, அடுப்புக்கு எந்தப் பகுதி, இரவில் விளக்கு வேண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் சண்டை. பெரிய லட்சியங்களில் ஒன்றாக நின்றவர்கள் பெஞ்ச் விஷயத்தில் பிரிந்துபோவது உலகம் முழுக்க நடப்பதுதான்.

மரம் நடும் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கோடையில் அந்தத் திடலில் ஒதுங்க நிழல் கிடையாது. வயதானவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் மரம் கேட்டார்கள். மரம் நடுவதை யாராவது எதிர்ப்பார்களா? எதிர்த்தார்கள், அதுவும் பறவை ஆர்வலர்கள். அந்தப் புல்தரையில் வானம்பாடிகள் தரையிலேயே கூடு வைக்கின்றன. உயரமாக ஏதாவது நின்றால் அந்தப் பறவை அண்டாது. மரத்தில் காகமோ பருந்தோ உட்கார்ந்து குஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்ற பயம் அதற்கு. அதனால் நடுப்பகுதியில் மரம் வேண்டாம், ஓரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. முட்டையிடும் காலத்தில் புல்வெளிக்குள் போகக் கூடாது என்று தடுத்து வைக்கிறார்கள். புல்லை ஒரேயடியாக வெட்டாமல், பகுதி பகுதியாக, நாள் தள்ளி வெட்டுகிறார்கள். காலி இடம் என்று நாம் சொல்வதில் ஏற்கெனவே யாரோ குடியிருக்கிறார்கள் என்பதை அந்தத் திட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதையே பசுமைத் திட்டம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதில் குறையும் இல்லாமல் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக் கூட்டத்துக்கு யார் வருவார்கள்? நேரம் உள்ளவர்கள், மைக்கைப் பிடித்துப் பேசத் தெரிந்தவர்கள். கரி அடுப்புக் குடும்பங்கள் திடலை நிறைத்திருந்தாலும், மொழி தட்டும் கூட்டங்களுக்கு அவர்களை வரவைப்பது சுலபமில்லை. இன்னொரு சோதனை 2015இல் வந்தது. சிரியாவிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் அகதிகள் வந்து குவிய, பழைய விமானக் கொட்டகைகளில் படுக்கை போட்டார்கள். 2016 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, ஓரங்களில் தற்காலிகக் குடியிருப்புக்கு வழி செய்தார்கள். ஓட்டுப் போட்டு வாங்கிய சட்டத்தில் ஓட்டை போடுகிறார்கள் என்று சிலர் கொதித்தார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தலைக்கு மேல் கூரை இல்லாதவருக்குத் தற்காலிகமாக ஒரு மூலை கொடுக்க முடியாத பூங்காவை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஆனால் 'தற்காலிகம்' என்பதற்குத் தேதி போட்டு எழுதி வாங்க வேண்டும் என்று அவர்கள் சொன்னது முழுக்கச் சரி.

வீட்டுப் பஞ்சம் முற்றிப்போனதால் ஓரத்தில் கட்டலாம் என்ற பேச்சு மறுபடி வந்தது. 2023இல் மேயரான காய் வெக்னர் அதற்கு ஆதரவு. இந்த முறை அரசு வேறொரு வழியில் கருத்துக் கேட்டது. 2024இல் குலுக்கல் முறையில் 275 பேரைத் தேர்ந்தெடுத்து, நிபுணர்களைப் பேசவைத்து, அவர்களையே விவாதிக்கவிட்டது. பெரும்பான்மையினர் மறுபடியும் 'கட்ட வேண்டாம்' என்றார்கள். அரசு எதிர்பார்த்த பதில் அதுவாக இருந்திருக்காது. ஆனாலும் குலுக்கல் நல்ல யோசனை. வழக்கமாக வருபவர்களைத் தாண்டி, கூட்டத்துக்கு வந்தே பழக்கமில்லாதவரையும் அது கூப்பிட்டு உட்காரவைக்கிறது.

குலுக்கல் நமக்குப் புதிதும் அல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், குடவோலையில் ஆள் எடுத்த வாரியங்களில் ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியமும் உண்டு. சொந்த நிலம் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்தக் குடத்தில் ஓலை. பெண்களுக்கு இல்லவே இல்லை. அதனால் ரொம்பவும் மார்தட்ட வேண்டாம். குடத்தை எடுத்துக்கொண்டு யார் யாருக்கு ஓலை என்பதை மாற்றிக்கொள்ளலாம்.

சரி, கிண்டி. குதிரைப் பந்தய மைதானத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழக அரசு ரத்து செய்தது. 160 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். அதில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா என்று அறிவித்தார்கள். வேளச்சேரிப் பக்கத்து வெள்ளத்தைத் தணிக்க அங்கே குளங்களும் வெட்டினார்கள். குத்தகை ரத்தை எதிர்த்த வழக்கு விவகாரம் ஒருபக்கம் இருக்கட்டும். சென்னை மாதிரி நெருக்கியடிக்கும் ஊரில் இவ்வளவு பெரிய இடம் பொதுவுக்கு வருவது அபூர்வம். அதனால்தான் முன்கூட்டியே பேச வேண்டும் என்கிறேன். நம் வழக்கத்தில் முதலில் எஸ்டிமேட், அப்புறம் டெண்டர், அப்புறம் பூமி பூஜை. அதெல்லாம் ஆன பிறகுதான் செங்கல் லாரியைப் பார்த்து ஜனங்களுக்கு விஷயமே தெரியும். அந்தக் கட்டத்தில் மனுக் கொடுத்தால் நுழைவாயில் பெயின்ட்டின் நிறத்தை வேண்டுமானால் மாற்றுவார்கள்.

சட்டத்தில் நமக்குக் கை இல்லாமல் இல்லை. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அந்தப் பகுதிக் குடியிருப்போர் வழக்குப் போட்டு, 1991இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். ஆனால் கோர்ட்டுக்குப் போவது கடைசி வழி. முதல் வழி, 2022 நவம்பர் முதல் நம் நகரங்களில் கூட்டத் தொடங்கியிருக்கும் பகுதி சபை, அதாவது வார்டுக்குள் அந்தந்தப் பகுதி ஜனங்கள் கூடிப் பேசும் கூட்டம். குப்பை, தெருவிளக்கு, சாக்கடை என்று நியாயமான புகார்களே அங்கே நேரத்தைத் தின்றுவிடும். பூங்கா பேச்சுக்கென்று தனியாக ஒரு கூட்டம் கேட்டு வாங்குங்கள்.

போகும்போது மூன்று நான்கு கேள்விகளைக் கையில் வைத்திருங்கள். வரைபடம் எங்கே, தமிழில் குறிப்பு எழுதி ஒட்டுவீர்களா? கட்டணம் உண்டா? கதீட்ரல் சாலையில் 2024இல் திறந்த பூங்காவுக்குப் பெரியவர்களுக்கு 100 ரூபாய் வைத்தார்கள். நாலு பேர் உள்ள குடும்பம் வாராவாரம் போகும் தொகையா அது? மழை நாளில் தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போகும், அந்தக் குளத்தின் கரையில் பிறகு கேன்டீன் வராது என்று எழுதித் தருவீர்களா? மத்தியானத்தில் பைக்கை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கண் அசரும் டெலிவரிப் பையனுக்குக் கதவு திறந்திருக்குமா, அல்லது காலை நடைக்காரர்களுக்கும் மாலை நடைக்காரர்களுக்கும் மட்டும்தானா? அந்தப் பையன் கூட்டத்துக்கு வரமாட்டான். அவன் நிற்கிற இடத்துக்குப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வருவதற்கு உங்கள் தெருவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் போதும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.