மலைக்கும் மடுவுக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன் நான். ஆண்டிறுதி விடுமுறை முடிந்து வகுப்புக்கு வந்த ஒரு மாணவன் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய்த் தொட்டபெட்டா சிகரத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். "சார், புத்தகத்துல 2,637 மீட்டர்னு போட்டிருக்கு. நேர்ல பார்த்தா சின்னதா இருக்கு. நம்ம லேடாங் மலைதான் பெருசாத் தெரியுது" என்றான். வகுப்பே சிரித்தது. மலேசியாவின் ஜொகூரில் உள்ள லேடாங் 1,276 மீட்டர். தொட்டபெட்டாவில் பாதிகூட இல்லை.

ஆனால் அவன் கண்கள் அவனை ஏமாற்றவில்லை. ஊட்டி நகரமே கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் தொட்டபெட்டாவின் உச்சி நானூறு மீட்டர் சொச்சம்தான். லேடாங் அப்படி இல்லை. காரில் மலாக்காவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். தங்காக் நெருங்கும்போது, இரு பக்கமும் தட்டையாகக் கிடக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அது தனியாக எழும்பி நிற்கும். அதன் 1,276 மீட்டரில் ஏறக்குறைய முழுவதும் நம் கண்ணுக்குக் கிடைத்துவிடுகிறது.

அதே மாணவன் மேட்டுப்பாளையத்தில் நின்று பார்த்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பான். மலை ரயில் கிளம்பும் அந்த நிலையம் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செங்குத்தான பகுதியில் பல்சக்கரத்தின் உதவியோடு ஏறி, 46 கிலோமீட்டர் ஊர்ந்து ஊட்டிக்குப் போய்ச் சேர்கிறது ரயில். கீழேயிருந்து பார்த்தால் நீலகிரி 2,300 மீட்டர் உயரச் சுவர். மேலே போய்ப் பார்த்தால் ஒரு மேடு. மலை ஒன்றுதான், நாம் நிற்கும் இடம் மாறிவிட்டது.

"மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்" என்று சொல்கிறோம் அல்லவா? அதைச் சொன்னவர்கள் மலையைத் தனியாகச் சொல்லவில்லை. பக்கத்திலேயே பள்ளத்தையும் வைத்தார்கள். நான் இன்று பேச வந்ததும் அந்தப் பள்ளத்தைப் பற்றித்தான்.

எவரெஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். 2020-ல் நேப்பாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். இது கடல் மட்டத்திலிருந்து எடுத்த கணக்கு. கடலோ அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நேப்பாளப் பக்கத்து அடிவார முகாம் 5,300 மீட்டருக்கு மேல். ஆக, முகாமிலிருந்து உச்சி வரை ஏறுவது சுமார் 3,500 மீட்டர். திபெத் பக்கம் போனால் பீடபூமியே நான்காயிரத்து ஐந்நூறு, ஐயாயிரம் மீட்டரில் விரிந்து கிடக்கிறது. இந்திய நிலத்தட்டு ஆசியாவை முட்டித் தள்ளியதில் அங்கே பூமியின் மேலோடு சுமார் 70 கிலோமீட்டர் தடித்துப்போனது. சாதாரணக் கண்டத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு சிகரத்தோடு நிற்காமல் ஒரு நாட்டளவு நிலமே சேர்ந்து உயர்ந்துவிட்டது. மேசைமேல் வைத்த செம்பு மாதிரிதான் அங்கே எவரெஸ்ட் நிற்கிறது.

இனி அலாஸ்காவின் டெனாலி. உயரம் 6,190 மீட்டர். இமயத்தின் கணக்கில் இது பெரிய எண்ணே இல்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள சமவெளி அறுநூறு மீட்டரை ஒட்டித்தான். அங்கிருந்து ஏறத்தாழ 5,500 மீட்டர் ஒரே எழுச்சியாக எழும்புகிறது. எவரெஸ்ட் தன் அடிவாரத்திலிருந்து எழும்புவதைவிட இது அதிகம். நம் பக்கத்து மலேசியாவின் சாபாவில் கினபாலு மலை இருக்கிறது, 4,095 மீட்டர். விடியற்காலையில், மேகம் மூடுவதற்கு முன்னால், கோத்தா கினபாலு கடற்கரையிலிருந்தே அதன் கருங்கல் உச்சி தெரியும். கடலில் கால் நனைத்துக்கொண்டு நான்காயிரம் மீட்டரையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். திபெத்தில் நின்று எவரெஸ்ட்டைப் பார்க்கிறவருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் கிடைக்கிறது.

அடிவாரம் என்று எங்கே கோடு கிழிப்பது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சரிவு எங்கே தொடங்குகிறது என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போக மாட்டார்கள். அதனால் மலையேறிகள் இன்னொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பிராமினென்ஸ் என்பார்கள், தமிழில் புடைப்பு என்று சொல்லலாம். ஒரு சிகரத்தின் உச்சியில் நிற்கிறீர்கள். அதைவிட உயரமான ஒரு சிகரத்துக்குப் போக வேண்டும். இருக்கும் வழிகளிலேயே குறைவாக இறங்கும் வழியில் போனால் எத்தனை மீட்டர் இறங்க வேண்டும்? அதுதான் புடைப்பு. லோட்சே 8,516 மீட்டர், உலகின் நான்காவது உயரமான சிகரம். ஆனால் அங்கிருந்து அறுநூறு மீட்டர் சொச்சம் இறங்கினால் எவரெஸ்ட்டுக்கு ஏறத் தொடங்கிவிடலாம். அந்தக் கணக்கில் அது எவரெஸ்ட்டின் தோள். கினபாலுவோ தீவின் தலை. அதைவிட உயரமான மலைக்குப் போகக் கடலையே தாண்ட வேண்டும் என்பதால் அதன் உயரம் முழுவதும் புடைப்புதான். சிங்கப்பூரின் மிக உயரமான குன்றான நம் புக்கிட் தீமாவும் அப்படியே: 163 மீட்டரும் அதற்கே சொந்தம்.

பயனுள்ள கணக்குதான். ஆனாலும் என் மனம் அதில் முழுதாக நிறைவதில்லை. வரைபடத்தை வைத்துக்கொண்டு அறையில் உட்கார்ந்தே போட்டுவிடலாம். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும்போது நெஞ்சில் ஒன்று நிகழ்கிறதே, அது அதில் வராது. ஹவாயின் மவுனா கியாவை அடிக்கடி சொல்வார்கள்: கடல் மட்டத்துக்கு மேல் 4,207 மீட்டர், கடலடியிலிருந்து அளந்தால் பத்தாயிரத்துக்கும் மேல். உண்மைதான். ஆனால் அதன் அடிவாரத்தில் யாரும் நிற்க முடியாதே.

நிற்கக்கூடிய இடங்களில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இமயத்தின் மேற்குக் கோடியில் உள்ள நங்கா பர்பத். உயரம் 8,126 மீட்டர். அதைச் சுற்றிக்கொண்டு சிந்து நதி ஓடுகிறது, கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரத்துச் சொச்சம் மீட்டரில். ஆற்றுக்கும் உச்சிக்கும் நடுவே நேர்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர்தான். உட்லண்ட்சிலிருந்து மெரினா பேக்குச் சாலை வழியே போகும் தூரம் ஏறக்குறைய அவ்வளவு. அந்தத் தூரத்துக்குள் நிலம் ஏழாயிரம் மீட்டர் எழும்புகிறது! நாற்பதுக்கும் மேற்பட்ட புக்கிட் தீமாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். இதில் ஆற்றுக்கும் பங்கு உண்டு. சிந்து பள்ளத்தாக்கை அரித்துக் கல்லையும் மண்ணையும் கொண்டுபோகப் போக, பாரம் குறைந்த நிலம் மேலே வருகிறது. மடு ஆழமாவதும் மலை உயர்வதும் அங்கே சேர்ந்தே நடக்கின்றன.

எவரெஸ்ட்டை அளந்த கதைக்குத் தொடக்கம் சென்னையில் என்பதையும் சொல்ல வேண்டும். 1802 ஏப்ரலில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே தரையில் சங்கிலி போட்டு, மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான ஒரு கோட்டை அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே நகர்ந்த அந்த நில அளவைதான், ஐம்பது ஆண்டு கழித்து அந்த அளவையில் பணியாற்றிய கணித வல்லுநர் ராதாநாத் சிக்தாரின் கணக்கில் எவரெஸ்ட்டின் உயரமாக வந்து நின்றது. பரங்கிமலை நம் புக்கிட் தீமாவைவிடச் சின்னது.

கடல் மட்டத்து எண்ணை அப்படியே காலால் அளந்தவர் ஒருவரும் இருக்கிறார். ஆஸ்திரேலியாவின் டிம் மெக்கார்ட்னி-ஸ்னேப் 1990-ல் வங்கக் கடலோரம் கங்கா சாகரிலிருந்து நடக்கத் தொடங்கினார். சுமார் மூன்று மாதம் கழித்து எவரெஸ்ட் உச்சியில் நின்றார்.

இதை என் பேரனிடம் சொன்னேன். பத்து வயது. "நாமளும் அப்படிப் போவோம் தாத்தா" என்றான். ஒரு சனிக்கிழமை காலை வெஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடல்நீரில் கை நனைத்துவிட்டுக் கிளம்பினோம். கிளமெண்டி சாலை நெடுக நடந்து, பியூட்டி வோர்ல்டில் தோசை சாப்பிட்டு, புக்கிட் தீமா அடிவாரம் சேர்ந்தபோது அவன் நின்று திரும்பிப் பார்த்தான். "இங்க வர்றதுக்குள்ளயே கொஞ்சம் ஏறிட்டோம்ல?" ஆமாம், ஏறிவிட்டோம். வழக்கமாக வண்டியில் வந்து இறங்குகிறவர்களுக்கு அந்தக் கொஞ்சம் தெரிவதில்லை. உச்சியில் உயரம் பொறித்த கல் இருக்கிறது, 163.63 என்று. அதைத் தடவிப் பார்த்து, "இது முழுசும் நாம ஏறினது" என்றான்.

அன்று இரவே வரைபடத்தை விரித்து, மூவார் கடற்கரையிலிருந்து லேடாங் எவ்வளவு தூரம் என்று அளவுகோல் வைத்துப் பார்த்தான். நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டருக்குள் வருகிறது.