மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு, தொட்டி இருக்கும் உயரத்தின் அளவுக்குத்தான் அழுத்தம் கிடைக்கும். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார். மேல்தளத்துக் குளியலறையின் ஷவருக்கும் தொட்டிக்கும் இடையே 2 மீட்டர்தான் உயரம் என்றால் அங்கே 0.2 பார் கூடத் தேறாது என்பதால், ஷவரில் தண்ணீர் பூவாய்ச் சிதறாமல் நூலாய் வடிகிறது. இந்தக் குறையைப் போக்கப் பல வீடுகளில் பிரஷர் பம்பும், அதனருகே உருண்டையான இரும்பு டேங்கும் பொருத்தியிருப்பார்கள். பம்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அந்த டேங்கு எதற்கு என்று கேட்பவர்கள் குறைவு.

டேங்கின் உள்ளே ஒரு ரப்பர் பை இருக்கிறது. பைக்குள் தண்ணீர், பைக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவே காற்று. பம்ப் ஓடும்போது தண்ணீர் பையை நிரப்பிக் காற்றை நெருக்குகிறது. குழாயைத் திறந்தால், நெருங்கிக் கிடந்த காற்று விரிந்து, பம்பின் உதவியில்லாமலே தண்ணீரை வெளியே தள்ளுகிறது. அழுத்தம் 20 பி.எஸ்.ஐ.க்கு (1 பார் என்பது ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ.) இறங்கும்போது பிரஷர் சுவிட்ச் பம்பை ஓட விட்டு, 40-ஐத் தொட்டதும் நிறுத்துவதாக வைத்துக்கொண்டால், 24 லிட்டர் டேங்கு ஒன்று ஏறத்தாழ 7, 8 லிட்டர் தண்ணீரைப் பம்ப் ஓடாமலே கொடுக்க வேண்டும்.

மதுரையில் உள்ள என் தங்கையின் வீட்டில், கை கழுவினாலே மோட்டார் ‘டக்’கென்று ஓடுவதும் நிற்பதுமாக இருந்திருக்கிறது. பார்க்க வந்த மெக்கானிக், மோட்டாரின் ‘காயில்’ (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள்) பலவீனமாகிவிட்டது என்று சொல்லிப் புதுப் பம்பையே மாட்டிவிட்டுப் போனார். இரண்டு நாளில், “அண்ணே, புது மோட்டாரும் அதே தாளம்தான் போடுது” என்று தொலைபேசியில் சொன்னாள். நான் போய் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒரு வாளியை வைத்துக் குழாயைத் திறந்தேன். அரை வாளி வர வேண்டிய இடத்தில் இரண்டு சொம்புத் தண்ணீர் விசையோடு வந்தது. பிறகு வெறும் வடிதல்தான். டேங்கில் காற்று போதவில்லை. தண்ணீரைக் காற்றைப்போல் நெருக்க முடியாதாகையால், காற்று போதாத டேங்கில் ஒரு சொம்பு எடுத்தாலே அழுத்தம் சரிந்துவிடும், ஒரு சொம்பு ஏறினாலே உச்சத்தைத் தொட்டுவிடும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மோட்டார் வழக்கத்தைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், வைண்டிங் சூடேறுவதும் சுவிட்சின் பாயின்டுகள் கருகுவதும் அதன் பின்விளைவுகள். பழைய மோட்டாரின் காயில் பலவீனமாகவே இருந்திருந்தாலும் அதைப் பலவீனமாக்கியது டேங்குதான்.

காற்றைப் பார்ப்பது எளிது. பம்புக்கு மின்சாரம் தரும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கி, டேங்குக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடி, தாழ்வான குழாய் ஒன்றைத் திறந்து, அழுத்தமானியின் முள் சுழியத்துக்கு வரும்வரை தண்ணீரை வடியவிடுங்கள். குழாய் திறந்தே இருக்கட்டும். டேங்கின் ஒரு முனையில் பிளாஸ்டிக் மூடிக்குள், ஸ்கூட்டர் டயரில் இருப்பதைப் போன்ற அதே வால்வு இருக்கும். அதன் நடு ஊசியை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் ரப்பர் பை கிழிந்திருக்கிறது. பையை மாற்ற வேண்டும். காற்றுதான் வருகிறது, அல்லது ஒன்றுமே வரவில்லை என்றால், டயர் கேஜால் அளந்து, பம்ப் எந்த அழுத்தத்தில் ஓடத் தொடங்குகிறதோ அதைவிட 2 பி.எஸ்.ஐ. குறைவாக, அதாவது 20-க்கு 18 என்ற கணக்கில், கால் பம்பாலேயே காற்றை அடித்துவிடலாம். தங்கை வீட்டில் கேஜ் காட்டியது 3. ரப்பர் வழியாகக் காற்று சிறுகச் சிறுகக் கசிவது இயல்பே.

எல்லாக் குழாய்களும் மூடியிருக்க, நள்ளிரவில் பம்ப் சில நொடிகள் ஓடி நிற்பது வேறு கதை. எங்கோ தண்ணீர் போகிறது. டேங்குக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள வால்வை மூடிவிட்டு முள்ளைக் கவனியுங்கள். முள் அப்போதும் இறங்கினால், வெளியே சொட்டும் ஈரமும் தென்படாத நிலையில், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும், பம்ப் பக்கத்து நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடாமல் தண்ணீர் திரும்பிப் போகிறது என்று கொள்ளலாம்; மணலோ உப்புப் பொருக்கோ அதில் சிக்கியிருக்கும். முள் அசையாமல் நின்றால் கசிவு வீட்டுக்குள். முதலில் சந்தேகிக்க வேண்டியது கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியை. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் நான்கு துளியை அந்தத் தொட்டியில் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் இருந்து பாருங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் திருடன் அகப்பட்டான்.

மோட்டார் உறுமிக்கொண்டே சுழலாமல் நின்றால், பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டன்சர் போயிருக்கும், அல்லது தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் இறுகியிருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கண்டன்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். அதை விவரம் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷவரில் வேகம் போதவில்லை என்று பிரஷர் சுவிட்சின் பெரிய திருகை இறுக்கிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பம்பால் எட்ட முடியாத அழுத்தத்துக்குச் சுவிட்சை ஏற்றிவிட்டால், எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் பம்ப் நிற்காது. உள்ளே அடைபட்ட அதே தண்ணீரைக் கடைந்து கடைந்து கொதிக்க வைக்கும். திருகைத் தொடுவதற்கு முன், ஷவர் முகத்தைக் கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். நம் ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு அதன் துளைகளை எப்படி அடைத்திருக்கிறது என்பது காலையில் பாத்திரத்தின் அடியில் தெரியும்.

தங்கை வீட்டு டேங்கின் மேல், காற்று அடித்த தேதியையும் 18 என்ற எண்ணையும் மார்க்கரால் எழுதிவிட்டு வந்தேன். கழற்றிய பழைய மோட்டார் இன்னும் படிக்கட்டின் அடியில் கிடக்கிறது. எடுத்து ஓட்டிப் பார்த்தோம், ஓடுகிறது.

நன்றி, வணக்கம்.