கழுத்துக்குள் ஒரு வண்ணத்துப்பூச்சி

நேயர்களுக்கு வணக்கம். லூபஸ் நோய் வந்த சிலருக்கு மூக்கின் இரண்டு பக்கமும் கன்னம் வரை ஒரு சிவப்பு படரும். வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல இருக்கும். வயல் வெயில் பட்டால் இன்னும் கூடும். அதே வடிவத்தில் ஒன்று நம் எல்லாருடைய கழுத்திலும் இருக்கிறது. குரல்வளைக்குக் கீழே உள்ள தைரொயிட் சுரப்பிதான் அது. முகத்தில் உள்ளதை ஊரே பார்க்கும், கழுத்துக்குள் உள்ளதை யாரும் நினைப்பதில்லை. அதனால்தான் இன்று இந்தப் பேச்சு.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குவதுதான் லூபஸ். 10 பேரில் 9 பேர் பெண்கள். அப்படிக் குழம்பிய எதிர்ப்புச் சக்தி சிலருக்குத் தைரொயிட்டையும் விட்டுவைக்காது. அதை 1912இல் எழுதி வைத்த ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோவின் பெயரே அந்த நோய்க்கும் நிலைத்தது. சுரப்பி மெல்ல மெல்லச் சோர்ந்துபோகும். உப்பில் அயடின் காணாது என்று அடுக்களையில் கணக்குப் போடாதீர்கள், இது அந்த வகை இல்லை.

களைப்பு, முடி உதிர்தல், மூட்டுநோவு, முக வீக்கம், மாதவிலக்குக் குழப்பம் எல்லாம் லூபஸிலும் வரும், தைரொயிட் குறைந்தாலும் வரும். தாதியாக எத்தனையோ வருடம் வேலை பார்த்த எனக்கே பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் சித்திரை வெயிலில் ஊரே விசிறிக்கொண்டிருக்க ஒருவர் போர்வை தேடினால், தைரொயிட்டைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மலச்சிக்கலும் சேர்ந்தால் இன்னும் யோசிக்க வேண்டும்.

படுவான்கரையில் இருந்து ஒரு தங்கச்சி வருவார். "எல்லாம் லூபஸ்தானே அக்கா" என்று களைப்போடு மாதக்கணக்கில் இழுத்தார். ஒருநாள் இரத்தத்தில் ரீ.எஸ்.எச். என்ற, தைரொயிட்டை வேலை வாங்கும் ஹோர்மோனைப் பார்த்தார்கள், கூடியிருந்தது. "தைரொயிட் கூடிட்டு" என்று அழுதுகொண்டு வந்தார். அங்கேதான் பலருக்கும் தடுமாற்றம். ரீ.எஸ்.எச். வருவது மூளையின் அடியில் உள்ள சுரப்பியிலிருந்து. அது வயல் வேலையை மேற்பார்க்கும் வட்டவிதானை மாதிரி. வயலில் வேலை மந்தமானால் அவர் சத்தம் கூடும். ரீ.எஸ்.எச். கூடினால் பெரும்பாலும் தைரொயிட் மந்தம் என்றுதான் அர்த்தம்.

தைரொயிட் சுரக்க வேண்டியதை ஈடுசெய்யும் தைரொக்சின் குளிசை தொடங்கினார்கள். 2 மாதம் கழித்துப் பார்த்தால் அசையவே இல்லை. எப்படிக் குடிக்கிறாய் புள்ள என்று கேட்டேன். விடிய வேலைக்குப் போகிறவர், குளிசை கொண்டு போக வெட்கம். எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி, பால்தேத்தண்ணியோடு ஒரே மடக்கு! லூபஸுக்கு ஸ்டீரொயிட் எடுப்பவர்களுக்கு எலும்புக்காகக் கல்சியம் கொடுப்பார்கள். அந்தக் கல்சியமும் இரும்புச்சத்துக் குளிசையும் தைரொக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

விடிய எழும்பியதும் வெறுவயிற்றில் தைரொக்சினை வெறும் தண்ணீரோடு குடியுங்கள். தேத்தண்ணி, சாப்பாடு அரை மணித்தியாலமாவது பொறுக்கட்டும், ஒரு மணித்தியாலம் என்றால் நல்லது. கல்சியமும் இரும்பும் 4 மணித்தியாலம் தள்ளி. காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் நோன்பு பிடிப்பவர்கள் நேரத்தை எப்படி மாற்றலாம் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டீரொயிட்டை மட்டும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், அது ஆபத்து. பிள்ளை பெற நினைப்பவர்கள் கருத்தரிக்கும் முன்பே ரீ.எஸ்.எச். பார்த்துவிடுங்கள்.

சரி, அந்தத் தங்கச்சிக்கு அடுத்த முறை ரீ.எஸ்.எச். அளவு இறங்கியது, போர்வையும் போனது. முடி மட்டும் உதிர்ந்துகொண்டே இருந்தது. அதற்கென்று பாமசியில் பயோட்டின் என்ற விற்றமின் வாங்கி வைத்திருந்தார். பயோட்டின் தைரொயிட் பரிசோதனையையே பிழையாகக் காட்டக்கூடியது. இரத்தம் கொடுக்க 2, 3 நாளுக்கு முன்பே அதை நிறுத்தச் சொல்லி, முடிக்கு லூபஸ் கிளினிக் நாளில் காட்டும்படி அனுப்பினேன். கிளினிக் கொப்பியின் மட்டையிலேயே அதை எழுதிக்கொண்டு போனார். வணக்கம்.